விளக்கண்ணனின் இடப்பக்கம்

பாலக்கரை, திருச்சி
18.6.2024

அன்புத் தங்கை ஜெஸிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அண்ணி அல்ஷிஃபாவும் இக்ராவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன் சுகத்துக்கும் சவூதியில் மாப்பிள்ளையின் சுகத்துக்கும் துஆ செய்கிறோம். பச்சைமலைக் குளிர் உன் மூட்டு வலிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

பெருநாளைக்கு நீ வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிரசவ கேஸ் வந்துவிட்டது, உன்னை விட்டால் நர்ஸ் இல்லை என்று அடைக்கலம் சொன்னார். மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்துகொண்டு நம் தெருவிலும் குடியிருக்கிறாரே, அந்த மனிதருக்கு ஆயுசு நீளட்டும். போனில் உன்னைப் பிடிக்க வேண்டுமென்றால் நீ சிக்னல் தேடிப் பாறை மேல் ஏற வேண்டும். அங்கே ஊரே வரிசையில் நிற்கிறது. நாம் பேசுவதைக் கேட்டுவிட்டு அவர்கள் யோசனை வேறு சொல்கிறார்கள். அதனால் அடைக்கலத்தின் தோள்பையை நம்பி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அல்ஷிஃபாவின் தம்பி வசீம் ஷார்ஜாவிலிருந்து வந்தவன், "எனக்கு எதுக்கு மச்சான், நான் புதுசு வாங்கிட்டேன், இக்ரா விளையாடட்டும்" என்று தன் பழைய வீடியோ கேம் பெட்டியை இங்கே விட்டுப் போனான். அதற்குள் யார் இருந்தது தெரியுமா? நம் விளக்கண்ணன்! சிங்கப்பூர் பெரியத்தா கொண்டுவந்த பெட்டியில் நீயும் நானும் மாய்ந்து மாய்ந்து விளையாடினோமே, அதே ஆட்டம். ஜப்பான் எழுத்தில் இருந்ததால் பெயர் தெரியாமல் நாமே வைத்த பெயர். லாந்தர் விளக்கோடு தண்ணீரில் மூழ்கிய கோட்டைக்குள் இறங்குவானே, தேள் மாதிரி கொடுக்கோடு கொடுக்கான்கள் எழுந்து வருமே, அதேதான். இப்போது பளபளவென்று புதுப்பித்து இங்கிலீஷ் பெயர் வைத்து விற்கிறார்களாம். நேற்று ஆரம்பித்தேன். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை என்று உன் அண்ணி முறைத்தாள்.

இன்னொரு விஷயம். நவம்பரில் என் ஹெவி லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கக் கண், காது, கை கால் எல்லாம் சரியென்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். உன் டாக்டரம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடு. அது இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் என்னை பஸ் பக்கமே விட மாட்டார்கள். பஸ் ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும், சொல்லு. படிவத்தை அடுத்த முறை அனுப்புகிறேன்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
நவ்ஷாத்

*

பச்சைமலை
2.7.2024

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். மூட்டு வலி குளிருக்கு எட்டிப் பார்க்கிறது, நான் கண்டுகொள்வதில்லை. அண்ணிக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கிவிட்டீர்களா? இக்ராவுக்கு என் ஸலாம்.

விளக்கண்ணன் உயிரோடு இருக்கிறானா! கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஊசி போட வந்த கிழவர் பயந்துவிட்டார். அவன் இன்னும் இடுப்பு பிடித்தவன் மாதிரிதான் நடக்கிறானா? அந்த ராஜகுமாரி இன்னும் கூண்டுக்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டேதான் இருக்கிறாளா? கூண்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது அண்ணே. கையை நீட்டினால் அவளே திறந்து வந்திருப்பாள். சின்ன வயதிலேயே எனக்கு அவள் மேல் ஆத்திரம்.

நம் சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு ரிமோட். நான் பிடுங்க, நீங்கள் பிடுங்க, கடைசியில் அம்மா வந்து தீர்ப்பு சொன்னார்: "கை அவனுக்கு, கண்ணு உனக்கு. ரெண்டு பேரும் ஒரே ஆளா விளையாடுங்க." அன்றிலிருந்து நான் டிரங்குப் பெட்டி மேல் இடப்பக்கம் உட்கார்ந்து திரையின் இடது பாதியைப் பார்ப்பேன். கொடுக்கான் வந்தால் "லெஃப்ட்டு!" என்று கத்துவேன். நீங்கள் திரும்பாமலே வெட்டுவீர்கள். விளக்கில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதும் என் வேலை. பக்கத்து வீட்டில் நம்மைப் பைத்தியம் என்றார்கள்.

இப்போது ஆட்டம் எப்படி இருக்கிறது? கிழடு தட்டிவிட்டதா? விவரமாக எழுதுங்கள்.

சர்டிபிகேட் ஒரு விஷயமே இல்லை. டாக்டர் ஜோதி நான் நீட்டிய தாளில் போடுவார், கேள்வி கேட்க மாட்டார். படிவத்தையும் போட்டோவையும் அனுப்புங்கள்.

துஆவுடன்,
ஜெஸிமா

*

பாலக்கரை
21.7.2024

அன்புத் தங்கை ஜெஸிமாவுக்கு,

ஸலாம். அனைவரும் சுகம். அண்ணிக்கு மாத்திரை வாங்கியாயிற்று. மாப்பிள்ளை டிசம்பரில் வருவதாக அடைக்கலத்திடம் சொன்னாயாமே, சந்தோஷம்.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாய். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நிஜத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. முன்பு விளக்கண்ணனுக்குக் கையில் விரல்களே கிடையாது, கரண்டிதான். இப்போது விரல் கொடுத்திருக்கிறார்கள், நகம் கூட இருக்கிறது. அந்த மணியோசை அப்படியே இருக்கிறது, கேட்டவுடன் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

மற்றதெல்லாம் பழசாகிவிட்டது. ஒரு பள்ளத்தைத் தாண்ட அவனை நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். லாரியை சந்துக்குள் திருப்புகிற பாடு. எண்ணெய்க் குடத்துக்காக ஒரே மண்டபத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். அன்றைக்கு அது வீரசாகசமாக இருந்தது, இன்றைக்கு ரேஷன் கடைக்கு நடக்கிற மாதிரி இருக்கிறது. செத்தால் பழைய கிணற்றடிக்கே போய் முதலிலிருந்து வர வேண்டும். "அத்தா, இதையா உக்காந்து உக்காந்து விளையாடுனீங்க?" என்று இக்ரா கேட்கிறாள்.

அதைக்கூடப் பொறுக்கலாம். புதுப்பித்தவர்கள் செய்த அநியாயம் வேறு. கொடுக்கான்கள் இடப்பக்கத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுகின்றன. முன்பெல்லாம் தண்ணீர் குமிழ் விட்ட பிறகுதான் எழும். இப்போது வெறும் சுவர், அடுத்த நொடி கழுத்தில் கொடுக்கு. எண்ணெய் அளவு காட்டும் குடுவையையும் எடுத்துவிட்டார்கள். விளக்கு எப்போது அணையும் என்றே தெரியவில்லை.

பிறகு யோசித்தேன். இடப்பக்கம் எப்போதும் நீதானே பார்த்தாய்? நான் கற்றுக்கொள்ளவே இல்லை. முந்தாநாள் செத்தபோது "ஜெஸி!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். உன் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பஸ்ஸிலும் எனக்கு அதே சொகுசுதான். ஸ்ரீரங்கத்தில் ஏற்றி காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற வரை கிளீனர் பிச்சைமுத்து இடப்பக்கப் படியில் நின்று தகரத்தைத் தட்டித் தட்டிச் சொல்லிவிடுவான். நான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் போதும். பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் எனக்கு லெஃப்ட் பார்க்கிறீர்கள்.

படிவமும் போட்டோவும் இத்துடன்.

அண்ணன்,
நவ்ஷாத்

*

பச்சைமலை
6.8.2024

அன்பு அண்ணனுக்கு,

ஸலாம். சுகம். இங்கே விடாத தூறல். துணி காயவில்லை, அதைத் தவிர குறை இல்லை.

நான் இல்லாமல் விளக்கண்ணன் சாகிறான் என்று படித்ததும் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இத்தனை வருடம் கழித்தாவது ஒத்துக்கொண்டீர்களே. அந்தப் பத்தியை மட்டும் நாலு தடவை படித்தேன். "பாவம் மனுசன், தங்கச்சி இல்லாம கை ஓடல" என்று அடைக்கலம் அண்ணனிடமும் சொல்லி, அவரும் சிரித்தார்.

சரி, இங்கிருந்தே லெஃப்ட் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மண்டபத்தில் நுழைந்ததும் இடது தூணுக்குப் பின்னால் இரண்டு நிற்கும், விளக்கைத் தூக்கினால் ஓடிவிடும். படிக்கட்டில் இறங்கும்போது இடதுபக்கச் சுவரில் ஓட்டை இருக்கிறது, அதிலிருந்து குட்டி ஒன்று வரும், அதை வெட்ட வேண்டாம், தாய் வந்துவிடும். பாலத்தில் மட்டும் ஓடவே கூடாது.

ஆனால் எண்ணெய்க் குடுவையை எடுத்துவிட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. அந்த ஆட்டமே எண்ணெய்தான். அதை எடுத்தால் பிறகு என்ன மிச்சம்? கீழே இடது மூலையில் இருக்கும், சரியாகப் பாருங்கள்.

படிவம் டாக்டர் மேசையில் இருக்கிறது. அவர் பயிற்சிக்காகச் சென்னை போயிருக்கிறார். வந்ததும் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஜெஸிமா

*

பாலக்கரை
1.9.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். இக்ரா கணக்கில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள், உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

குடுவை இருக்கிறது. நீ சொன்னதுதான் சரி. ஆனால் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? முகத்தையே அந்தப் பக்கம் திருப்பினால்தான் தெரிகிறது. நேராகப் பார்த்தால் இல்லை. இப்படியா ஒரு மனிதன் விளையாடுவான்? கழுத்து சுளுக்கிக்கொள்கிறது. அல்ஷிஃபாவைக் கேட்டால் "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்கிறாள். அவள் அடுப்படி வாசலில் நின்று பார்க்கிறாள், அங்கிருந்து எல்லாம் தெரியும்.

பாலத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நீ எழுதிய எல்லாவற்றையும் செய்தேன். ஓடவில்லை, நடந்தேன். இடப்பக்கம் பலகை உடைந்திருப்பது தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கிறேன். விளையாட்டே வெறுத்துவிட்டது. பழைய ஆட்டத்தைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுத்தே விட்டார்கள். இருட்டு வேறு அதிகம். முன்பு இவ்வளவு இருட்டாக இருந்ததில்லை.

வேலையிலும் எரிச்சல். பிச்சைமுத்துவை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ரோசரி என்று ஒரு ஆயா புதிதாக வந்திருக்கிறார். நல்ல அம்மாதான், ஆனால் வாயே திறப்பதில்லை. பள்ளிக்கூட கேட்டில் பஸ்ஸின் இடது பக்கம் உரசிவிட்டது. அந்தத் தூணை அங்கே கட்டியதே தப்பு, நான் அப்போதே சொன்னேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. சர்டிபிகேட் என்னாயிற்று? சீக்கிரம் அனுப்பு.

அண்ணன்,
நவ்ஷாத்

*

பச்சைமலை
4.9.2024

அண்ணனுக்கு,

ஸலாம். நான் சுகம். உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. அடைக்கலம் அண்ணன் திரும்பும் பஸ்ஸிலேயே இதைக் கொடுக்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

டாக்டர் வந்துவிட்டார். படிவம் என் கையில் இருக்கிறது. நான் கையெழுத்து வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

குடுவை தெரிய முகத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகப் பார்க்கும்போது மூலையில் இருப்பதும் கண்ணில் பட வேண்டும் அண்ணே, எல்லோருக்கும் படுகிறது. அண்ணிக்குப் படுகிறது. ஆட்டத்தை யாரும் கெடுக்கவில்லை. நான் பக்கத்தில் இல்லாததாலும் இல்லை. இதை நான் போன மாதமே புரிந்துகொண்டிருக்க வேண்டும். பெருமையில் மயங்கிவிட்டேன்.

அத்தாவை நினைத்துப் பாருங்கள். காந்தி மார்க்கெட்டில் வெங்காயக் கடையிலிருந்து கடைசி வருடங்களில் எப்படி வீட்டுக்கு வருவார்? சுவரைத் தடவிக்கொண்டே. வாசல் நிலையில் இடித்துக்கொள்வார். வயசு என்று சொல்லிவிட்டோம். அப்போது அத்தாவுக்கு அறுபது கூட ஆகவில்லை. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடினால் வலிக்காமல், சிவக்காமல், ஓரத்திலிருந்து பார்வை போகும். போவது தெரியாது. அது குடும்பத்தில் இறங்கி வரும். நான் நர்ஸ் படிப்பில் படித்தது, என் வீட்டுக்குள் பார்க்கத் தெரியவில்லை.

இதைச் செய்யுங்கள். கொடுக்கான் தாக்க வரும்போது ஆட்டத்தை அப்படியே நிறுத்துங்கள். விளக்கண்ணன் மேலிருந்து கண்ணை எடுக்காமல், இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். பிறகு பெரியாஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பாருங்கள். அதுவரை பஸ்ஸை எடுக்காதீர்கள். பிள்ளைகள் இறங்குவது இடப்பக்கம்.

ஜெஸிமா

*

பாலக்கரை
20.10.2024

ஜெஸிமாவுக்கு,

ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நேரமில்லை. காலாண்டுப் பரீட்சை, அப்புறம் ஆயுத பூஜை, பஸ்ஸைக் கழுவி அலங்காரம் செய்கிற வேலை.

கையெழுத்துக்கு இனி நீ கஷ்டப்பட வேண்டாம். இங்கேயே ஒரு டாக்டர் போட்டுக் கொடுத்துவிட்டார். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு கூட்டம். வேறு படிவம் வாங்கி எழுதிக் கொடுத்தாயிற்று.

பதினாறு வருடமாக அந்தப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது. வீடியோ கேமில் செத்ததற்காகக் குருடன் என்று சொல்கிற தங்கச்சி உலகத்தில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள். ஆட்டப் பெட்டியைக் கட்டி பரணில் போட்டுவிட்டேன். நான் ஓட்டுவது விளையாட்டு இல்லை.

நவ்ஷாத்

*

பச்சைமலை
29.10.2024

அன்பு அண்ணனுக்கு,

ஸலாம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதவில்லை, என் சுகத்தைக் கேட்கவும் இல்லை. நான் சுகம்.

பாறை மேல் ஏறி அண்ணிக்குப் போன் செய்தேன். முதலில் "ஒண்ணும் இல்ல ஜெஸி, உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காங்க" என்றார். நான் விடவில்லை. பிறகு அழுதுகொண்டே சொன்னார். ஆகஸ்டு கடைசியில் திருவானைக்காவல் ஸ்டாப்பில் எல்கேஜி பிள்ளை ஒன்று படியிலிருந்து கால் எடுப்பதற்குள் நீங்கள் பஸ்ஸை நகர்த்திவிட்டீர்கள். வாயே திறக்காதவர் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த ரோசரி அம்மாதான் பிள்ளையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். வீடு தேடி வந்து அண்ணியிடம் சொல்லி, "சாருக்கு வேலை போயிடக் கூடாதுன்னு நான் யாருகிட்டயும் சொல்லலம்மா" என்றாராம். நீங்கள் எனக்கு "விசேஷம் ஒன்றும் இல்லை" என்று எழுதியது அதற்கு மூன்றாவது நாள்.

கீறல் கிடையாது என்பது உண்மைதான். ரோசரி அம்மா கை நீட்டியதால் கிடையாது.

இதை நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன். அதே பாறையிலிருந்து உங்கள் பிரின்சிபாலுக்கும் போன் செய்துவிட்டேன். என் பெயரைச் சொன்னேன், உங்கள் தங்கை என்றும் சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் கண்ணைக் காட்டி எழுதி வாங்கி வருகிற வரை உங்களிடம் பஸ்ஸைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யோசனை சொல்லவில்லை.

துறையூர் போய் என் கண்ணையும் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. இல்லை என்று டாக்டர் சொன்னபோது சந்தோஷமே வரவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் என்று அழுகைதான் வந்தது.

என்னோடு பேசாமல் இருங்கள், சம்மதம். கண்ணைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

தங்கை,
ஜெஸிமா

*

பாலக்கரை
24.11.2024

அன்பு ஜெஸிமாவுக்கு அண்ணி எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் இக்ராவும் சுகம். உங்க அண்ணன் எழுத மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தீபாவளி லீவு முடிந்து போன அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். "என் தங்கச்சியே என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா" என்றார்கள். அப்புறம் உங்க பேரை எடுப்பதில்லை. நான்தான் போனில் உங்களிடம் சொன்னேன் என்று தெரிந்து என்னோடும் பேச்சு குறைவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள்.

உங்க கடிதத்தைப் படித்துவிட்டு பீரோவில் வைத்திருக்கிறார்கள். கிழிக்கவில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம். துஆ செய்யுங்கள்.

அண்ணி,
அல்ஷிஃபா

*

பச்சைமலை
8.12.2024

அன்பு அண்ணனுக்கு,

ஸலாம். இங்கே மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. அடைக்கலம் அண்ணனிடம் சாமையும் கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கிழங்கை அண்ணி அன்றைக்கே வேக வைத்துவிடட்டும், நாள் தாங்காது. மாப்பிள்ளை வருவது தள்ளிப்போய்விட்டது.

பதில் எதிர்பார்க்கவில்லை.

ஜெஸிமா

*

பாலக்கரை
16.2.2025

அன்புத் தங்கை ஜெஸிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் அண்ணி சுகம். என் சுகத்தையும் இக்ராவின் சுகத்தையும் கீழே விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உன் சாமையும் கிழங்கும் கிடைத்தன. உன் மேல் இருந்த கோபத்தில் கிழங்கை நான் தொடவில்லை. மறுநாள் மிச்சமிருந்ததைத் தின்றேன்.

அரைப் பரீட்சை லீவில் இக்ரா பரணில் ஏறி ஆட்டப் பெட்டியை இறக்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாலத்துக்கே வந்துவிட்டாள், எண்ணெய்க் குடம் சேர்க்கிற வேலையெல்லாம் அவளுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. என்ன தோன்றியதோ, "அப்படியே நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். "கொடுக்கான் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள். "இதோ அத்தா, இவ்ளோ பெருசா நிக்குதே."

எனக்கு அவள் முழங்கைவரைதான் தெரிந்தது. விரலும் இல்லை, கொடுக்கானும் இல்லை. முகத்தைத் திருப்பினேன், இரண்டும் வந்தன. நேரே பார்த்தேன், இரண்டும் போயின. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் வேகம் என்று சொல்லியிருப்பேன், இருட்டு என்று சொல்லியிருப்பேன். அசையாமல் நிற்கிற படத்தை என்ன குறை சொல்வது? திருவானைக்காவல் ஸ்டாப் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு நான் அவசரப்படவில்லை ஜெஸி. இடப்பக்கம் பார்த்தேன். படி காலியாக இருந்தது. ஆணையிட்டுச் சொல்வேன், காலியாகத்தான் இருந்தது.

ஜனவரியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இடது கண் பெரும்பகுதி போய்விட்டதாம். வலது கண்ணிலும் மூக்குப் பக்கமாக ஆரம்பித்திருக்கிறது. போனது வராது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். உன் அண்ணிதான் போட்டுவிடுகிறாள், நான் போட்டால் கன்னத்தில் விழுகிறது. இனி பஸ் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஷெட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள், எந்த வண்டி எந்த ரூட் என்று சொல்கிற வேலை. காலையில் எல்லா வண்டியும் போனபிறகு ஷெட் வெறிச்சென்று இருக்கும். அந்த நேரம்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீதானே கேட்டாய். அப்போது நான் எழுதிய குறையில் பாதியைத் தள்ளிவிடு. லாரி மாதிரி திரும்புவது உண்மை, குடம் தூக்குகிற வேலை உண்மை. தண்ணீர் குமிழ் விட்ட பிறகுதான் இன்றைக்கும் கொடுக்கான் எழுகிறது, இக்ரா காட்டினாள்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லை. பிரின்சிபால் மேசை முன்னால் சாவியை வைத்துவிட்டு நின்றேனே, அது நெஞ்சில் அப்படியே இருந்தது. நீ சொன்னது சரி என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் சொந்தத் தங்கச்சி இப்படிச் செய்வாளா என்றுதான் இருந்தது. அதனால்தான் ஜனவரியிலும் எழுதவில்லை.

ரத்த சொந்தங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தாநாள் இக்ராவைக் கூட்டிக்கொண்டு போனோம். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். இருந்தது. அழுத்தம் கூடியிருக்கிறது ஜெஸி, பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு. உன் அண்ணி எழுந்து இக்ராவைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் அவளை உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. நரம்பு முழுசா இருக்கு, பார்வை ஒரு ஓரம்கூட போகல. இப்பவே மருந்து ஆரம்பிச்சு விடாம பாத்துக்கிட்டா இந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் நல்லா பாப்பா. இவ்ளோ சீக்கிரம் யாரும் கொண்டு வர்றதில்ல. எல்லாரும் பாதி போன பிறகுதான் வர்றாங்க. உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

நான் வாய் திறப்பதற்குள் இக்ரா சொல்லிவிட்டாள்: "எங்க ஜெஸிமா மாமி சார். அவங்கதான் அத்தாவோட வேலைய போக்குனாங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதேன். வரிசையில் இருந்தவர்கள் எனக்குக் கெட்ட செய்தி வந்துவிட்டதாக நினைத்து இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

நோன்பு பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போம்மா. லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே.

உன் அண்ணன்,
நவ்ஷாத்